மொத்தமாக விழுந்த வரி

அத்தியாயம் – 11

"காதே கேட்காத அண்ணன், வீட்டில் எல்லோரோடும் எப்படி வாய்ச்சண்டை போடுகிறான்?" என்று வாசகிகள் சிலர் கேட்டு எழுதிவிட்டார்கள். ஒருவர் கொஞ்சம் காட்டமாகவே, "கதை எழுதுகிறவர் தூங்கிவிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். தூங்கவில்லை அம்மணி. ஆரம்பத்திலேயே சொன்னதுதான். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன், பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குப் பிறவியில் காது நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூட நாளில் வந்த ஒரு காய்ச்சல் அதை எடுத்துக்கொண்டு போனது, பேச்சை விட்டுவிட்டுப் போனது. அதனால் அவன் பேசுவான், வக்கணையாகவே பேசுவான். என்ன, தன் குரல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது அவனுக்கே தெரியாது. இந்த வீட்டுச் சண்டைகளில் அண்ணனுடைய பங்கு மட்டும் தெருக்கோடி வரைக்கும் மனப்பாடம்.

மற்றவர்கள் பேசுவதை அவனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் தங்கை. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவளை வீட்டில் இன்னும் 'வாலு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்ன வயதில் அண்ணன் எங்கே போனாலும் பின்னாலேயே போனவள், பெயர் ஒட்டிக்கொண்டது. கூடத்து மேசையில் கணினி, எதிர்ச் சுவரில் பெரிய திரை. யாராவது வாயைத் திறந்தால் வாலுவின் விரல்கள் ஓடும். பேசுபவர் யார் என்ற அடையாளத்தோடு, நாடக வசனம் மாதிரி, வரி வரியாகத் திரையில் ஏறும். அண்ணன் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, பதிலை வாயால் சொல்வான்.

ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டு அது தமிழாக மாறுமா என்று காத்திருக்கிற ரகம் இல்லை அவள். தமிழுக்கென்றே அமைத்த விசைப்பலகையில் பழகியவள். மெய்யெழுத்தெல்லாம் வலது கைக்கு, உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி விழும்போது பார்ப்பதற்கு யாரோ மிருதங்கம் பழகுவது போல இருக்கும்.

அப்படியும் பேச்சின் வேகத்தைக் கை எட்டிப் பிடிக்க முடியாதில்லையா? அதற்காகச் சில குறுக்குவழிகள் வைத்திருந்தாள். 'அம்' என்று அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் 'அம்மா:' என்று வந்துவிடும். 'மா' என்றால் 'மாமா:'. தட்டச்சு வேலை செய்கிற யாரும் செய்கிற காரியம்தான்.

ஆனால் அந்தக் குறுக்குவழிகளில் இன்னொரு ரகம் இருந்தது. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஒருநாள் அம்மா ஏதோ ஆத்திரத்தில், "இந்தச் செவிட்டுப் பிள்ளையை வச்சுக்கிட்டு நான் படுற பாடு" என்று ஆரம்பித்தாள். வாலுவின் விரல் அதை அடிக்க மறுத்தது. 'அம்மா கவலைப்படுறாங்க' என்று அடித்தாள். அது பொய்யும் இல்லை. அண்ணன் படித்தான், தலையாட்டினான், அதோடு முடிந்தது. ஆனால் அம்மாவுக்கு ஆத்திரம் அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவையும் முழு வரியை எதற்கு அடிப்பது? 'அக' என்று ஒரு குறுக்குவழி ஆக்கிக்கொண்டாள். பிறகு 'ஊக' வந்தது: 'சும்மா ஊர்க்கதை பேசிட்டிருக்காங்க.' பிறகு 'ஒஇ': 'ஒண்ணும் இல்லை.' வீட்டில் இருக்கும் முள்ளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் அண்ணனை நடக்கவிட்டாள். அன்பில்தான் செய்தாள், அதில் சந்தேகமே வேண்டாம்.

சென்ற வாரம் அவளை எங்கே விட்டோம்? வேறு ஊரில், காது கேளாதவர்கள் படிக்கும் கல்லூரியில், ஒரு தேர்வு முடிந்து வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஆசிரியர் பேசப் பேச வகுப்பிலேயே தமிழில் அடித்துத் திரையில் காட்டும் வேலை. அவள் கைக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. தேர்வு வைத்த மேடம் அவள் அடித்ததைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"நடுவுல நான் உன்னைத் திட்டினேனே, அது எங்கம்மா?"

"அது பாடத்துல வராதே மேடம்."

"எது பாடம், எது பாடமில்லைன்னு படிக்கிறவங்க முடிவு பண்ணிக்குவாங்க. உன் காதுல விழுந்ததை அடி."

ஆனாலும் கை நல்ல கை என்று அவளையே எடுத்துக்கொண்டார்கள். வருவதா இல்லையா என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை.

வாலு இதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா மாமாவிடம் சொன்னாள். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு இந்த வீட்டில் ஒரே வழிதான் உண்டு, அது வாலுவின் பத்து விரல். அந்த விரல்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன: போகப்போவதில்லை. அண்ணனுக்கு இந்தப் பேச்சே தெரியாமல் இருந்துவிட்டுப் போகட்டும்.

*

காலையில் அண்ணன் கணினி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் பிஸ்கட் தூளாகக் கொட்டும். அது அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை.

"இதுக்குள்ள ஒரு குடும்பமே சாப்பிடலாம் போல" என்றான், அடுத்த வீட்டுக்கும் சேர்த்து.

வாலு உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினாள். சத்தத்தைக் குறை என்று அர்த்தம். அவன் குறைத்தான்.

"மாமா எதுக்கு வர்றார்?"

அவள் உட்கார்ந்தாள். விரல் விசைப்பலகையில் இரண்டு கட்டையைத் தொட்டது, கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டியது. திரையில் சட்டென்று ஒரு வரி வந்து நின்றது.

'ஒண்ணும் இல்லை.'

அண்ணன் அந்த வரியைப் பார்த்தான். மூன்று சொல்கூட இல்லாத வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு துணியை உதறி மடித்து வைத்துவிட்டு, "அப்ப டீ போட்டு வைக்கிறேன்" என்று உள்ளே போனான்.

அம்மா சன்னல் ஓரத்தில் தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தாள். யாருடைய கால்சட்டையையோ குட்டையாக்கிக்கொண்டிருந்தாள். அம்மா பேசுவதெல்லாம் தைத்துக்கொண்டேதான், முகம் எப்போதும் ஊசியைப் பார்த்தபடிதான். அதனால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் அண்ணனுக்கு வழியில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் இத்தனை காலத்தில் ஒருநாள்கூட அந்தத் திரையை நிமிர்ந்து பார்த்ததில்லை. அது பெரியவனுடைய சமாசாரம், அவளுக்குத்தான் காது இருக்கிறதே!

"அவனுக்குத் தெரியுமாடி?" என்றாள் ஊசியிடம்.

"தெரியாது. தெரியவும் வேண்டாம்மா. நான் போகலை, அவ்வளவுதான். இதுக்குப் போய் மாமாவை எதுக்குக் கூப்பிட்டே?"

"நீ போகலைன்னு சொல்றப்போ உன் மூஞ்சியைக் கண்ணாடியில பார்த்தியா? அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

*

மாமா அம்மாவின் தம்பி. சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். எந்தப் பிரச்சினையையும் பெட்டியாக நினைத்து, எங்கே அடுக்கலாம் என்று யோசிக்கிற ஆள். நல்லவர். ஆனால் மீசைக்குப் பின்னால் இருந்து பேசுகிறவர். அந்த மீசையைத் தாண்டி உதட்டைப் படிக்க யாராலும் ஆகாது.

வந்ததும் அண்ணனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. அவருடைய வணக்கம் அதுதான்.

"எப்படிடா இருக்கே?"

வாலுவின் விரல் ஓடியது. 'மாமா: எப்படிடா இருக்கே?'

"நல்லா இருக்கேன் மாமா. முதுகுதான் கேட்டுச் சொல்லணும்."

மாமா சிரித்தார். அண்ணன் டீயைக் கொடுத்துத் தட்டை எதிரில் வைத்துவிட்டு, தன் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பி உட்கார்ந்தான். மாமா அந்த நாற்காலியின் முதுகைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். கேட்காதவன் எதிரில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பது இந்த வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். சுவருக்குக்கூடக் காது உண்டு என்பார்கள், அண்ணனை நம்பிப் பேசலாம்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? பொண்ணு போகட்டும். நல்ல வேலை. பெரியவனை என் வீட்டுக்கு அனுப்பிடு. மாடியில ஒரு அறை சும்மாதான் கிடக்கு."

'மாமா: ' என்று திரையில் வந்தது. வாலு ஒரு கணம் நின்றாள். பிறகு ஒரே தட்டு.

'சும்மா ஊர்க்கதை பேசிட்டிருக்காங்க.'

"அவன் வேலையை என்ன பண்றது?" என்றாள் அம்மா.

"என்ன பெரிய வேலை? அச்சகத்துல பக்கத்தை ஒட்டுற வேலைதானே? என் கூட்டாளி ஒருத்தன் கிடங்குல பொட்டலம் கட்ட ஆள் கேட்கிறான். காது எதுக்கு அதுக்கு? மூணு வேளை சாப்பாடு, ஒரு கட்டில். பேச்சுத் துணையா வேணும் அவனுக்கு?"

வாலுவுக்குக் காதோரம் சுட்டது. அண்ணன் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். ஒரு எழுத்து அரைநூல் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். அவனைப் பொட்டலம் கட்டச் சொல்கிறார் மாமா, அதுவும் அவன் எதிரிலேயே, அவன் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

'ஒண்ணும் இல்லை.'

"நான் போகலை மாமா" என்றாள் சத்தமாக. அதை அவள் அடிக்கவில்லை. தான் பேசுவதை அவள் எப்போதுமே அடித்ததில்லை. இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது அவளுடைய வாய் அநேகமாக மூடித்தான் இருக்கும். அம்மாவுக்கு ஒரு குறுக்குவழி, மாமாவுக்கு ஒன்று, மேல்வீட்டுக்காரருக்குக்கூட ஒன்று உண்டு. தனக்கென்று அவள் வைத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

தையல் இயந்திரம் நின்றது. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போகலை, போகலைன்னா? இன்னைக்குப் போகலை. நாளைக்கு? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வந்தா?" அம்மாவின் குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் ஆசையாடி? ராத்திரியெல்லாம் இதே நினைப்புதான். நான் போறப்போ இவனை உன் கழுத்துல கட்டிவிட்டுத்தான் போகப்போறேன். கல்லைக் கட்டிவிட்ட மாதிரி."

மாமா டீக்கோப்பையைப் பார்த்தார்.

வாலுவின் விரல்கள் கட்டையின் மேல் தொங்கின. அப்புறம், பழக்கம் வென்றது.

'அம்மா கவலைப்படுறாங்க.'

அண்ணன் எழுந்தான். திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, நாற்காலியைத் தூக்கி, வாலுவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"இப்ப அம்மா என்ன சொன்னாங்க?"

வாலு திரையைக் காட்டினாள்.

"அது நான் படிச்சாச்சு. அம்மா என்ன சொன்னாங்க?"

அவள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினாள். அவன் குறைக்கவில்லை.

"வாலு. நான் என்ன வேலை பார்க்கிறேன்? நாள் முழுக்கத் திரையில எழுத்து வர்றதைப் பார்க்கிறதுதானே என் பிழைப்பு? கையால அடிச்ச வரி ஒவ்வொரு எழுத்தா வரும். நடுவுல தப்பு வரும், அழியும், மறுபடி வரும். வேற எங்கேயோ இருந்து எடுத்துப் போட்ட வரி மொத்தமா வந்து விழும். எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அவள் விரல்களைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"'அம்மா கவலைப்படுறாங்க.' எத்தனை வருஷமா பார்க்கிறேன் இந்த வரியை! ஒரு எழுத்துக்கூட மாறாம, ஒரே மாதிரி விழுது. எந்த அம்மா தினமும் ஒரே மாதிரி கவலைப்படுவாங்க?"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா சொல்றான்?" என்றார். அம்மாவுக்கும் புரியவில்லை. இந்த வீட்டில் முதல் தடவையாக, காது கேட்கிறவர்கள் முழித்தார்கள்.

வாலு அடித்தாள். எழுத்து எழுத்தாகத்தான் அடித்தாள்.

'தெரிஞ்சும் ஏன் கேட்கலை?'

அண்ணன் திரும்பிப் பார்த்துப் படித்தான்.

"ஏன்னா, எனக்கும் அது வசதியா இருந்துச்சு. கேட்டா நீ அடிச்சிருப்பே. அடிச்சா நான் படிக்கணும். அதுக்கு நானும் பயந்தேன்." திரையைக் காட்டினான். "ஆனா இன்னைக்குக் காலையில இருந்து வரிசையா விழுது. மாமா வந்து டீ ஆறுறதுக்குள்ள மூணு. இவ்வளவு பூசி மெழுகினா சுவருக்குள்ள ஏதோ பெரிய விரிசல்னு அர்த்தம். என்னைப் பத்தித்தான் பேசறீங்க. மாமா என் முதுகைப் பார்த்துக்கிட்டே பேசறார்னு டீத் தட்டுல தெரியுது."

எவர்சில்வர் தட்டு, கண்ணாடி மாதிரி பின்னால் இருப்பதைக் காட்டும். வாலு அதை நினைக்கவே இல்லை.

"நீ எனக்குக் கெட்டது பண்ணலை வாலு. ஆனா என்னை வீட்டு வாசல்லயே நிறுத்தி வச்சிட்டே. உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டா, எல்லாரும் சௌக்கியம்னு வாசல்லயே சொல்லி அனுப்பிடறே." அவன் விசைப்பலகையை அவள் பக்கம் மெல்லத் தள்ளினான். "அடி. எழுத்து எழுத்தா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். என்ன நடக்கப்போகிறது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. "அடிக்காதடி. நான் என்னவோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

ஆரம்பத்திலிருந்தே அடித்தாள். கல்லூரி வேலையை அடித்தாள். தான் போகப்போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னதை அடித்தாள். மாடி அறையை, பொட்டலத்தை, பேச்சுத் துணையை அடித்தாள். மாமா எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கடைசியாக அம்மாவுடையது மிச்சம் இருந்தது.

இப்போது அம்மாவும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அம்மா: நான் போறப்போ இவனை உன் கழுத்துல கட்டிவிட்டுத்தான் போகப்போறேன்.' அதற்கு மேல் விரல் ஓட மறுத்தது. ஒவ்வொன்றாக அழுத்தினாள். க. ல. இரண்டாவது ல-வை அடித்ததும் முதல் ல-வின் தலையில் தானாகவே புள்ளி விழுந்தது. ஐ. 'கல்லை' என்று சுவர் முழுக்க நின்றது.

வாயால் சொன்னபோது அது ஒரு பெருமூச்சு. வந்த வேகத்தில் காற்றோடு போயிருக்க வேண்டியது. இப்போது அசையாமல் எதிரில் நின்றது. அம்மா அதை வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் கால்சட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அய்யோ, நான் அப்படிச் சொல்லலை... சொன்னேன், ஆனா அப்படிச் சொல்லலைடா பெரியவனே..."

வாலு அதையும் அடித்தாள். அழுகையை எப்படி அடிப்பது என்று தெரியாமல், அந்த இடத்தில் வெறுமனே புள்ளிகளை வைத்தாள்.

அண்ணன் எல்லாவற்றையும் படித்தான். கல் என்ற வார்த்தையிடம் அவனுடைய கண் ஒருமுறை திரும்பி வந்தது, வலித்தது என்று நமக்கே தெரிந்தது. பிறகு எழுந்துபோய் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த கால்சட்டையை வாங்கிக்கொண்டான்.

"யாரோட கால்சட்டைம்மா இது? மூக்கைச் சிந்திக் கொடுத்தா காசு தரமாட்டான்."

அம்மா அழுகையின் நடுவே அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"நீங்க சொன்னது வலிக்குது. ஆனா இப்பத்தான் என்கிட்டேயும் ஒரு அம்மா பேசின மாதிரி இருக்கு." அவன் வாலு பக்கம் திரும்பினான். "மாமா வீட்டுக்கெல்லாம் நான் போகமாட்டேன். மாமா, அறைக்கு ரொம்ப நன்றி. அதுல பொட்டலத்தை அடுக்கி வைங்க."

"கோவப்படாதேடா" என்றார் மாமா சன்னலிடம். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி, அண்ணனுக்கு நேராக வந்து நின்று, இரண்டு விரலால் மீசையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வாயை அகலமாகத் திறந்து சொன்னார்: "கோ-வப்-ப-டா-தே!"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாலு அடிக்கத் தேவையே இருக்கவில்லை.

"நான் போயிட்டா இங்க உனக்கு யாருண்ணா?" இதை அவள் சொல்லிவிட்டு, சொன்னதையே அடிக்கவும் செய்தாள்.

அண்ணன் தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது.

"அச்சகத்துல ஒருத்தங்க இருக்காங்க. எனக்காகத் தமிழ் அடிக்கப் பழகறாங்க. இன்னும் கட்டையைப் பார்த்து ஒத்தை விரலாலதான் அடிக்கிறாங்க. ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள சாப்பாட்டு நேரமே முடிஞ்சிடும். ஆனா..." அவன் இழுத்தான். "ஒண்ணையும் விடமாட்டாங்க. திட்டினாக்கூட முழுசா அடிச்சுத்தான் திட்டுவாங்க."

"யாருடா அது?" என்றாள் அம்மா, கண்ணீரெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வாலுவின் விரல்கள் அதைத் திரையில் ஏற்றின. 'அம்மா: யாருடா அது?' அண்ணன் அதைப் படித்தான். படிக்காத மாதிரி கால்சட்டையின் ஓரத்தை நீவிவிட்டான்.

மேசை மேல் கைபேசி அதிர்ந்தது. அண்ணன்தான் முதலில் கண்டான், டீக்கோப்பைகள் ஆடியதைப் பார்த்து.

"எடு" என்றான். "ஆனா கை ரெண்டும் கட்டையில இருக்கட்டும். நீ பேசறதையும் நான் படிக்கணும்."

வாலு ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கைபேசியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். மேடத்தின் குரல் கூடத்தில் நிறைந்தது.

"என்னம்மா, என்ன முடிவு பண்ணினே? வர்றியா?"

'மேடம்: என்னம்மா, என்ன முடிவு பண்ணினே? வர்றியா?'

அடுத்த வரிக்குப் போனாள். இங்கே யாருடைய அடையாளத்தைப் போடுவது? அவளுக்கு மட்டும் குறுக்குவழி இல்லை. வலது கை, இடது கை, வலது கை, இடது கை என்று நான்கு கட்டையையும் தனித்தனியாக அழுத்தினாள்.

'நான்:'

எத்தனையோ வருடப் பேச்சு இந்தத் திரையில் ஏறி இறங்கியிருக்கிறது. அந்த ஒரு சொல் இன்றுதான் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. ஆனால் விரல்கள் நிற்கவில்லை. அவை வழக்கமாகக் குரலுக்குப் பின்னால் ஓடுபவை, இன்று முந்திக்கொண்டன.

'நான்: வர்றேன் மேடம்.'

"ஹலோ? கேட்குதாம்மா? லைன்ல இருக்கியா?" என்று கைபேசி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மேடத்துக்கு இன்னும் தெரியாது. அண்ணன் ஏற்கெனவே படித்து முடித்து, தெருக்கோடி வரை கேட்கும்படி கைதட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டில் ஒரு செய்தி எல்லோருக்கும் முன்பாக அவனுக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.